பதினோராவது குரு

அமிர்தசரஸ் போய்வந்த நண்பர் ஒருவர் போனில் கேட்டார். "உருவ வழிபாடு கூடாதுன்னு சொல்றவங்கதானே சீக்கியர்கள்? ராத்திரியானா புத்தகத்தைப் பல்லக்குல வெச்சு, பூப்போட்டு, தூக்கிட்டுப் போய்ப் படுக்க வைக்கிறாங்க. நம்ம கோயில் பள்ளியறைக்கும் இதுக்கும் என்ன வித்தியாசம்?"

நியாயமான கேள்விதான். சீக்கியம் பற்றிய அறிமுகங்கள் பெரும்பாலும் ஐந்து 'க'வில் ஆரம்பித்து (கேஷ், கங்கா, கடா, கிர்பான், கச்சேரா) லங்கர் சாப்பாட்டில் முடிந்துவிடும். என்னைக் கேட்டால், அந்த மதத்தின் முடிச்சு 'குரு' என்கிற ஒரே சொல்லில் இருக்கிறது. நமக்குத் தெரிந்த சொல் என்பதுதான் சிக்கலே. தெரியும் என்று நினைத்துத் தாண்டிப் போய்விடுகிறோம்.

நமக்கு குரு என்றால் ஓர் ஆள். 'சிக்' என்பது சிஷ்யன் என்ற சொல்லின் பஞ்சாபி உருவம். சரி, சிஷ்யன் இருந்தால் குரு வேண்டுமே? குரு நானக் (1469–1539) தொடங்கி குரு கோவிந்த் சிங் (1666–1708) வரை பத்துப் பேர் என்று பள்ளிப் பாடத்தில் படித்திருப்போம். அப்படியானால் நானக்கின் குரு யார்? இதே கேள்வியைச் சித்தர்கள் அவரிடம் கேட்பதாக 'சித் கோஷ்ட்' என்ற அவருடைய படைப்பில் வருகிறது. நானக் எந்த மனிதரையும் கை காட்டவில்லை. சபத்தான் குரு என்கிறார். சபத் என்றால் சப்தம், சொல். அந்தச் சொல்லில் ஒன்றி நிற்கும் மனம்தான் சீடன். ஆக, ஆரம்பத்திலேயே குரு என்பது ஆள் இல்லை. பத்துப் பேரும் அந்தச் சொல் தங்கிப் போன பாத்திரங்கள்.

இதைப் பிடித்துக்கொண்டால் ஒரு விநோதம் புரியும். பின்னால் வந்த குருமார்கள் எழுதிய பாடல்களிலும் முத்திரை 'நானக்' என்றே வரும். நம்ம கீர்த்தனைகளில் ஒவ்வொருவரும் தனக்கென்று ஒரு முத்திரை வைத்தார்கள் இல்லையா, இங்கே எல்லோருக்கும் ஒரே முத்திரை. யார் எழுதியது என்று அடையாளம் காட்ட, மேலே 'மஹலா 1', 'மஹலா 5' என்று எண் மட்டும் இருக்கும்.

ஐந்தாவது குருவான அர்ஜன் இந்தப் பாடல்களைத் திரட்டி, பாயி குர்தாஸ் கையால் எழுதவைத்து, 1604ல் ஹர்மந்திர் சாஹிபில் நிறுவினார். அன்றிரவு அந்த ஏட்டின் பக்கத்தில் அவர் தரையில் படுத்தார் என்று மரபு சொல்கிறது. அவரே குரு. இருந்தும் கீழே படுத்தார்!

அதில் யாருடைய பாடல்கள் இருக்கின்றன என்பதுதான் எனக்கு ரொம்பப் பிடித்த விஷயம். குருமார்களோடு, நெசவாளி கபீர், செருப்புத் தைத்த ரவிதாஸ், தையல்காரக் குலத்து நாமதேவ், முஸ்லிம் சூஃபியான ஷேக் ஃபரீத். ஆள் வாரியாகவோ பொருள் வாரியாகவோ இல்லாமல், ராகம் ராகமாக அடுக்கியிருக்கிறார்கள். ஏட்டின் முன்னால் நெற்றி தரையில் பட ஒருவர் வணங்கும்போது ரவிதாஸின் சொல்லையும் சேர்த்தே வணங்குகிறார். எந்தச் சாதிக்காரராக இருந்தாலும் அதைப் பிரித்தெடுத்துவிட்டுக் கும்பிட முடியாது. (பஞ்சாபில் சாதி ஒழிந்துவிட்டதா என்றால், இல்லை. அது தனிக் கதை.)

1708ல் நாந்தேடில், கோவிந்த் சிங் தனக்குப் பின் மனித குரு கிடையாது, இந்தக் கிரந்தமே குரு என்று அறிவித்தார். அவருக்குமுன் பிள்ளைகள் நால்வரும் இறந்துவிட்டார்கள், அதனால்தான் என்று சிலர் சுருக்கிச் சொல்வார்கள். எனக்கு அது போதுமான விளக்கமாகத் தெரியவில்லை. 1699ல் ஆனந்த்பூரில் கால்சாவைத் தொடங்கியபோதே, ஐந்து பேருக்கு அமிர்தம் கொடுத்தவர், உடனே அவர்கள் கையால் தானும் வாங்கிக் குடித்தார். குரு சிஷ்யனாகிவிட்டார். ஐந்தாண்டுகள் கழித்து சம்கௌர் முற்றுகையில், உடனிருந்த ஐந்து சீக்கியர்கள் 'நீங்கள் தப்பிப் போக வேண்டும்' என்று ஆணையிட, அவர் கீழ்ப்படிந்ததாக மரபு. ஆக, 'குரு' என்பது இரண்டாகப் பிரிந்தது. சொல் கிரந்தத்தில், முடிவெடுக்கும் அதிகாரம் பந்த் என்கிற சமூகத்தில். நாம்தாரிகள் போன்ற சிலர் மட்டும் மனித குரு வரிசை தொடர்வதாக நம்புகிறார்கள். பெரும்பான்மைச் சீக்கியர்கள் இதை ஏற்பதில்லை.

இப்போது நண்பர் பார்த்த காட்சிக்கு வரலாம். விடியலில் கிரந்தத்தைத் திறப்பது 'பிரகாஷ்'. இரவில் மூடிக் கொண்டுபோய் வைப்பது 'சுகாசன்'. மேலே விதானம், பக்கத்தில் சாமரம். பக்கத்தைப் பக்கம் என்று சொல்ல மாட்டார்கள், 'அங்க்' என்பார்கள். நம்ம 'அங்கம்'தான். மொத்தம் 1430 அங்க். வாசிக்கும் கிரந்திக்குக் குலத் தகுதி ஒன்றும் வேண்டாம். குர்முகியைப் பிழையில்லாமல் வாசிக்கத் தெரிந்த ஆணோ பெண்ணோ உட்காரலாம்.

வித்தியாசம் 'ஹுகம்' என்ற வழக்கத்தில் இருக்கிறது. ஹுகம் என்றால் ஆணை. கிரந்தத்தைக் கண்டபடி ஓர் இடத்தில் திறந்து, இடப்பக்கம் மேலே வரும் பாடலை வாசிப்பார்கள். பாடல் முந்தைய அங்கில் தொடங்கியிருந்தால் அங்கிருந்து. அன்றைக்கு அதுதான் குருவின் பேச்சு. குழந்தைக்குப் பெயர் வைக்கவும் இப்படித் திறந்து, வந்த பாடலின் முதல் எழுத்தை எடுத்துக்கொள்வார்கள். கல்யாணத்தில் மணமக்கள் வலம்வருவது நெருப்பை இல்லை, கிரந்தத்தை. நான்கு சுற்று. நைவேத்தியத்தைச் சாமி சாப்பிடுவார் என்பதல்ல இங்கே நம்பிக்கை. குரு பேசுவார், நீ கேட்க வேண்டும், அவ்வளவுதான். திறக்காமல் வைத்திருக்கும் கிரந்தம், பேசவிடாமல் உட்காரவைத்த குரு மாதிரி.

நீதிமன்றத்துக்கும் இந்தக் கேள்வி வந்தது. ஒரு குருத்வாரா நிலம் வருவாய்ப் பதிவில் குரு கிரந்த சாஹிப் பெயரில் இருந்தது. புத்தகத்தின் பேரில் எப்படிச் சொத்து இருக்கும் என்று வழக்கு. உயர் நீதிமன்றம் செல்லாது என்றது. 2000ல் உச்ச நீதிமன்றம் அதை மாற்றி, குரு கிரந்த சாஹிப் ஒரு சட்டப்பூர்வ நபர் என்று தீர்ப்பளித்தது. நம்ம ஊரில் கோயில் நிலம் சாமி பெயரில் இருப்பதால் இதில் ஆச்சரியம் தோன்றாது. ஆனால் சிலைக்குச் சமம் என்று சொல்லி அந்த இடத்துக்கு நீதிமன்றம் வரவில்லை. சீக்கியத்தில் சிலை வழிபாடு இல்லை, இது அவர்களுடைய குரு என்ற அடிப்படையில்தான் வந்தது.

2015 அக்டோபரில் பஞ்சாபின் பர்காரி கிராமத்தில் கிரந்தத்தின் கிழிக்கப்பட்ட தாள்கள் கிடந்தன. மாநிலமே கொதித்தது. பெஹ்பல் கலானில் போலீஸ் சுட்டதில் இரண்டு பேர் செத்தார்கள். காகிதம் கிழிந்ததற்கா இவ்வளவு என்று அப்போது நானும்தான் நினைத்தேன். அவர்கள் கிழிந்ததாகப் பார்த்தது காகிதத்தை இல்லை, அங்கத்தை.

மரியாதை ஏற ஏற வாசிப்பு குறைகிறதோ என்கிற கவலையும் இருக்கத்தான் செய்கிறது. ஏசி அறை, பட்டு ரூமாலா எல்லாம் இருக்கும், அன்றைய ஹுகம் என்ன சொன்னது என்று கேட்டால் பதில் வராது. அப்படி ஒரு வீட்டில் நண்பர் கேட்ட கேள்விக்கு நான் வாதாட மாட்டேன்.

நண்பரிடம் இதையெல்லாம் சொன்னபோது, "பழசாகிப் போனா என்ன பண்ணுவாங்க, எடைக்குப் போட முடியாதே?" என்றார். முடியாது. பழுதான பிரதிகளைக் கோயிந்த்வால் போன்ற இடங்களுக்குக் கொண்டுபோய், பிரார்த்தனை சொல்லி, தகனம் செய்கிறார்கள்.