கடலோர ஓடுபாதையில் கண்ணை எவ்வளவு நம்பலாம்?

ராமநாதபுரத்திலிருந்து ராமேஸ்வரம் போகும் வழியில், உச்சிப்புளியில் இருக்கிறது கடற்படையின் ‘ஐஎன்எஸ் பருந்து’ விமானதளம். 2009இல் இந்தப் பெயரைப் பெற்ற தளம் இது. பாக் நீரிணையையும் மன்னார் வளைகுடாவையும் கண்காணிக்கும் விமானங்கள் இங்கிருந்து பறக்கின்றன. வடக்கிலும் தெற்கிலும் கடல். நடுவே குன்றில்லாத சமவெளி. மலை குறுக்கிடாத இடத்தில் இறங்குவது சுலபம் என்றே தோன்றும். ஆனால், கண்ணால் பார்த்து இறக்கும் விமானிக்கு அந்த வெறுமையே சோதனை.

கண்பார்வை இறக்கம் என்பது என்ன?

ரேடியோ சமிக்ஞை காட்டும் பாதையைப் பின்பற்றாமல், ஓடுபாதையைப் பார்த்தபடியே விமானத்தை இறக்குவது. வழக்கமான சரிவு 3 டிகிரி. ஒரு கடல் மைலுக்குச் சுமார் 300 அடி இறங்க வேண்டும். ஓடுபாதைக்கு 3 கடல் மைல் முன்னால் உயரம் ஏறத்தாழ 900 அடி இருந்தால் கணக்கு சரி.

கண் எங்கே ஏமாறுகிறது?

வீடு, மரம், சாலை என்று பழகிய பொருள்களை வைத்தே நாம் உயரத்தை மதிப்பிடுகிறோம். கடல்மேல் அவை கிடையாது. இரவில் சுற்றிலும் இருள், எதிரே ஓடுபாதை விளக்குகள் மட்டும் என்றால், அதிக உயரத்தில் இருப்பதாகத் தோன்றும். விமானி தன்னையறியாமல் தாழ்ந்துவிடுவார். இதற்குக் ‘கருந்துளை மாயை’ என்று பெயர். அனுபவசாலிகளும் இதில் ஏமாறுவதை, 1960களின் இறுதியில் போயிங் ஆய்வாளர் கான்ராட் கிராஃப்ட் சிமுலேட்டர் சோதனைகளில் காட்டினார். குறுகலான ஓடுபாதையும் இதே மயக்கத்தைத் தரும்.

கண் மயக்கத்தோடு காற்றும் சோதிக்கும். கச்சான் எனப்படும் தென்மேற்குக் காற்று பலமாக வீசும் மாதங்களில், அது ஓடுபாதைக்குக் குறுக்கே அடித்தால், விமானம் மூக்கைக் காற்றின் பக்கம் திருப்பி நண்டுபோல் பக்கவாட்டில் நகர்ந்து வரும். சக்கரம் தரையைத் தொடுவதற்குச் சற்று முன்பே அது நேராக்கப்படும்.

துணை எது?

ஓடுபாதையோரம் உள்ள ‘பாப்பி’ விளக்குகள். இரண்டு வெள்ளை, இரண்டு சிவப்பு தெரிந்தால் சரிவு சரி. நான்கும் சிவப்பென்றால் ஆபத்தான தாழ்வு. உயரமானியையும் வேகமானியையும் அடிக்கடி பார்ப்பதும் கட்டாயம். 1990 பிப்ரவரி 14 அன்று பெங்களூரில் இந்தியன் ஏர்லைன்ஸ் ஏ320 விமானம் கண்பார்வை இறக்கத்தின்போது, ஓடுபாதையை எட்டும் முன்பே விழுந்து 92 பேர் இறந்தனர். எஞ்சின் விசை குறைந்தபட்ச நிலையில் இருக்க, வேகம் சரிந்துகொண்டே போனது உரிய நேரத்தில் கவனிக்கப்படவில்லை.

எனவேதான் இப்போது, 500 அடிக்கு வருவதற்குள் வேகம், சரிவு, திசை மூன்றும் நிலைப்பட வேண்டும் என்பது பொதுவான விதி. இல்லையேல் மீண்டும் மேலேற வேண்டும். இறங்க வந்த விமானம் திடீரென உயர்ந்தால் பயணிகள் பதற வேண்டியதில்லை. விமானி விதிப்படி நடக்கிறார் என்பதே பொருள்.