உயர்ந்த ஹேண்டில்பார்: அளந்த பின் வாங்குவோம்

மூட்டையில் குத்தூசி போட்டு, அரிசியை உள்ளங்கையில் கொட்டிப் பார்த்த பிறகே நாம் விலை பேசுகிறோம். ஆனால் வண்டிக்கு உதிரிபாகம் வாங்கும்போது மட்டும் கண்ணுக்கு அழகாக இருந்தால் போதும் என்று பணத்தை எடுத்து வைத்துவிடுகிறோம். கொள்முதலுக்கும் வசூலுக்கும் குரூசர் ரக மோட்டார் சைக்கிளில் செல்லும் வணிகர்கள் சிலர், நிமிர்ந்து உட்கார வேண்டும் என்று உயர்ந்த ஹேண்டில்பாரை நாடுகிறார்கள். விருப்பம் நியாயமானதுதான். ஆனால் அந்தக் கம்பியோடு பிரேக்கும் கிளட்சும் சேர்ந்திருப்பதால், இதில் தவறினால் இழப்பு பணத்தோடு நிற்காது.

உயரம் எதற்கு?

குரூசரில் இருக்கை தாழ்வாகவும், கால் வைக்கும் இடம் முன் தள்ளியும் இருக்கும். ஹேண்டில்பார் எட்டாமல் இருந்தால் முதுகு வளையும், தோள்பட்டை வலிக்கும். ஒரே குடும்பத்து வண்டிகளில்கூட இந்த வித்தியாசத்தைக் காணலாம். பஜாஜ் நிறுவனம் 2015-ல் அவெஞ்சர் வண்டியை ஸ்ட்ரீட், குரூஸ் என்று பிரித்து வெளியிட்டபோது, குரூஸுக்கு உயர்ந்த ஹேண்டில்பாரும் ஸ்ட்ரீட்டுக்குத் தாழ்ந்ததும் பொருத்தியது. நெடுஞ்சாலைக்கு ஒன்று, ஊருக்குள் ஓட்ட ஒன்று என்பதே கணக்கு.

உயரம் கூடினால் வலி தீர்ந்துவிடும் என்று எண்ணிவிடக் கூடாது. சற்று முன் சாய்ந்து ஓட்டும்போது உடல் பாரத்தில் ஒரு பகுதியைக் கைகள் தாங்கும். முழுதும் நிமிர்ந்து, காலையும் முன்னே நீட்டி உட்கார்ந்தால் பாரமெல்லாம் இடுப்பில் இறங்கும். பள்ளத்தில் வண்டி விழும் ஒவ்வொரு அதிர்ச்சியும் நேரே முதுகுத்தண்டுக்குப் போகும். தோளுக்கு மேல் கை போனால் விரல்கள் மரத்துப் போகும். வேகமாகப் போகையில் காற்று மார்பில் மோதித் தள்ளும்.

அளக்கும் முறை

வண்டியை நடு ஸ்டாண்டில் நிறுத்தி அல்லது ஒருவரைப் பிடித்துக்கொள்ளச் சொல்லி, காலை உரிய இடத்தில் வைத்து உட்காருங்கள். கண்ணை மூடி, தோளைத் தளர்த்தி, முழங்கையைச் சற்று மடக்கி, கையை முன்னே நீட்டுங்கள். கை தானாக நிற்கும் இடத்துக்கும் இப்போதுள்ள கைப்பிடிக்கும் எவ்வளவு இடைவெளி என்று இன்னொருவரை டேப் வைத்து அளக்கச் சொல்லுங்கள். எத்தனை அங்குலம் மேலே, எத்தனை அங்குலம் பின்னே என்று இரண்டையும் குறித்துக்கொள்ளுங்கள். பலருக்கு உயரத்தைவிடப் பின்வளைவுதான் தேவையாக இருக்கும்.

அகலத்தையும் பார்க்க வேண்டும். அகன்ற ஹேண்டில்பார் திருப்ப இலகு. ஆனால் லாரிக்கும் தள்ளுவண்டிக்கும் நடுவே நுழைய வேண்டிய நம் கடைத்தெருவில் அது இடிக்கும். கம்பியின் கனமும் பொருந்த வேண்டும். நம் நாட்டு வண்டிகளில் பெரும்பாலும் கைப்பிடி இடத்தில் 22 மில்லிமீட்டர். சில வெளிநாட்டு வண்டிகளில் 1 அங்குலம். ஒன்றுக்குரியதை மற்றொன்றில் திணிக்கக் கூடாது.

செலவு செய்யும் முன், இருக்கும் ஹேண்டில்பாரின் கிளாம்ப் போல்ட்டைத் தளர்த்திச் சற்றே பின்னால் திருப்பி நான்கு நாள் ஓட்டிப் பாருங்கள். அதுவே போதுமானதாக இருக்கலாம்.

கேபிளும் பிரேக்கும்

ஹேண்டில்பார் உயர்ந்தால் கிளட்ச் கேபிள், ஆக்சிலேட்டர் கேபிள், விளக்கு ஒயர், பிரேக் ஹோஸ் எல்லாம் நீள வேண்டும். பழையதையே இழுத்துப் பொருத்தித் தரும் மெக்கானிக்கிடம் சிக்கனம் பார்க்க வேண்டாம். சோதனை எளிது. என்ஜினை ஓடவிட்டு ஹேண்டிலை இடக்கோடிக்கும் வலக்கோடிக்கும் திருப்புங்கள். என்ஜின் சத்தம் ஏறினால் கேபிள் இழுபடுகிறது என்று பொருள். கைப்பிடி டாங்கில் இடிக்கக் கூடாது. ஹோஸ் விறைத்து நிற்கவும் கூடாது.

டிஸ்க் பிரேக் ஹோஸை மாற்றினால் உள்ளே காற்று இல்லாமல் நீக்கியாக வேண்டும். பிரேக் ஆயில் கிண்ணம் சாயாமல் மட்டமாக நிற்க வேண்டும். காற்று புகுந்த பிரேக் லீவர் பஞ்சு போல் அமுங்கும், வண்டி நிற்காது. பின்னால் இரண்டு மூட்டை சரக்கும் இருந்தால் விளைவைச் சொல்ல வேண்டியதில்லை.

சட்டமும் உண்டு

பதிவுச் சான்றிதழில் உள்ள விவரங்கள் தயாரிப்பாளர் குறித்ததற்கு மாறுபடும்படி வண்டியை மாற்றக் கூடாது என்று 1988-ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-வது பிரிவு சொல்கிறது. 2019-ல் செய்யப்பட்ட திருத்தம், அனுமதியில்லாத மாற்றம் ஒவ்வொன்றுக்கும் 5,000 ரூபாய் அபராதம் அல்லது 6 மாதம் வரை சிறை, அல்லது இரண்டும் என்று விதித்துள்ளது. ஆகவே வண்டியின் தயாரிப்பாளரே அந்த மாடலுக்கென்று விற்கும் ஹேண்டில்பார் இருக்கிறதா என்று முதலில் விசாரியுங்கள். மற்றதானால் வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்திலும் இன்ஷூரன்ஸ் நிறுவனத்திலும் கேட்டுவிட்டுப் பொருத்துங்கள். பில்லைப் பத்திரப்படுத்துங்கள், கழற்றிய பழைய ஹேண்டில்பாரையும் காயலான் கடைக்குப் போட்டுவிடாதீர்கள்.

அடுத்தவர் வண்டியில் அழகாக இருப்பது நம் கைக்கு அளவாக இருக்க வேண்டும் என்பதில்லை. தராசு பிடிக்கும் கைக்கு இதைச் சொல்லித் தெரிய வேண்டுமா?