மாதிரிக் கட்டடத்தில் கதவு திறக்குமா?

கட்டி முடிக்காத கட்டடத்துக்குள் கணிப்பொறித் திரையிலேயே நடந்து பார்ப்பது இன்று புதுமையல்ல. அமெரிக்காவின் வட கரோலினா பல்கலைக்கழகத்தில் பேராசிரியர் ஃபிரெட் புரூக்ஸ் குழுவினர் 1980-களிலேயே இதைச் செய்து காட்டினர். இப்போது அடுக்குமாடி வீடு விற்பவர்கள்கூட இத்தகைய மாதிரியை வைத்திருக்கிறார்கள். ஆனால் பலவற்றில் நடக்கத்தான் முடியும். கதவைத் தொட்டால் திறக்காது, விளக்கைத் தொட்டால் எரியாது. ஊமை வீடு!

பொருள்களுக்கு இயக்கம் கொடுப்பது தனி வேலை. கதவையே எடுத்துக்கொள்வோம். வரைந்து முடித்ததும் கணிப்பொறிக்கு அது வெறும் பலகை. எந்த விளிம்பில் சுழல வேண்டும், எத்தனை பாகை, எத்தனை விநாடி, எதைத் தொட்டால் என்றெல்லாம் நாம்தான் சொல்லித் தர வேண்டும். சுழலும் அச்சைக் கீல் பக்கம் நகர்த்த மறந்தால் கதவு பம்பரமாகச் சுற்றும். 1997-இல் சர்வதேசத் தரமாக ஏற்கப்பட்ட வி.ஆர்.எம்.எல். மொழியில் தொடுகையை உணர ஓர் உறுப்பு, நேரத்தை அளக்க ஓர் உறுப்பு, இவற்றை அசைவோடு இணைக்க ஒரு கட்டளை என்று இருந்தன. கருவிகள் எவ்வளவோ மாறிவிட்டன, அடிப்படை அதுவே.

நேரத்தால் இயங்கும் பொருளுக்கு நாம் வெளிநாடு போக வேண்டாம். ஆரியசாலையிலிருந்து நடக்கும் தூரத்தில், பத்மதீர்த்தக் குளத்துக்கு எதிரே மேத்தன் மணி இருக்கிறது. மணிதோறும் தாடிக்காரர் வாய் திறப்பதும், இருபுறமும் ஆட்டுக்கடாக்கள் கன்னத்தில் முட்டுவதும் நம் பிள்ளைகள் அண்ணாந்து பார்த்து ரசிப்பவை. அந்த மாளிகையை எத்தனை நுட்பமாக வரைந்தாலும், கடா முட்டாவிட்டால் அது மேத்தன் மணி ஆகுமா?

ஆரியசாலை அம்மன் கோயிலை வரைந்தால் நாட்காட்டியும் தேவைப்படும். நவராத்திரிக்கு எழுந்தருளும் வேளிமலைக் குமாரசுவாமி அங்கே தங்குவது அந்த நாட்களில் மட்டுமே. திதி கணக்கு ஆங்கிலத் தேதிக்கு ஒத்து வராது. ஆண்டுதோறும் தேதிகளைப் பஞ்சாங்கம் பார்த்துக் கொடுக்க வேண்டும்.

எனக்குக் கவலை கடைகளைப் பற்றித்தான். திவான் ராஜா கேசவதாஸ் 18-ஆம் நூற்றாண்டில் அமைத்த சாலைக் கடைத்தெருவில் தலைமுறை தலைமுறையாகத் தமிழ் வணிகர்கள் இருந்து வருகிறார்கள். பழைய கடை என்றால் நிரைப்பலகைதான் கதவு. மேலும் கீழும் உள்ள காடியில் பலகைகளை ஒவ்வொன்றாகச் செருகி, கடைசிப் பலகையோடு பூட்டுவார்கள். காலையில் அந்தக் கடைசிப் பலகைதான் முதலில் வரும். மற்றவை தலைகீழ் வரிசையில். மாதிரியில் இதைச் செய்வது கடினமல்ல: ஒவ்வொரு பலகைக்கும் ஓர் எண், முந்தைய எண் நகராமல் அடுத்தது நகராது என்ற விதி. ஆனால் கடை இடிபட்டபின் புகைப்படம் மிஞ்சினாலும் வரிசை மிஞ்சாது. எந்தப் பலகை சற்று முறண்டு பிடிக்கும், எதைத் தூக்கி இழுக்க வேண்டும் என்பது தினமும் திறந்த கைக்கே தெரியும்.

ஆகவே, நிரைப்பலகைக் கடை இன்னும் வைத்திருக்கும் அன்பர்கள், ஒரு நாள் கடை திறப்பதையும் அடைப்பதையும் பிள்ளைகளின் கைபேசியில் முழுமையாகப் படம்பிடித்து வையுங்கள். பலகை எண்கள் தெரியட்டும். அந்த ஓசையும் பதிவாகட்டும். அதுவும் மாதிரியில் சேர்க்கக்கூடியதே.