துப்பாக்கிக் குழல் கசடு

துப்பாக்கிக் குழல் கசடு என்பது தோட்டா சுடப்பட்ட பின் குழலின் உட்புறத்திலும், மருந்தின் வாயு சென்று வரும் பிற பகுதிகளிலும் படியும் எச்சமாகும். எரிந்த மருந்தின் கரியும் சாம்பலும், குண்டின் மேலுறையிலிருந்து உரசி ஒட்டும் செம்பும், பற்றவைப்பான் (பிரைமர்) விட்டுச்செல்லும் உப்புகளும் இதில் அடங்கும். எரிந்தது எந்த மருந்து என்பதைப் பொறுத்தே கசட்டின் தன்மை பெரிதும் அமைகிறது. துப்பாக்கியை எதைக் கொண்டு, எவ்வளவு விரைவில் துப்புரவு செய்ய வேண்டும் என்பதும் அதையே சார்ந்தது. சுட்ட தோட்டாவின் பித்தளைக் கூட்டில் புதிய பற்றவைப்பான், மருந்து, குண்டு ஆகியவற்றை இட்டு மறுநிரப்பல் செய்வோர் மருந்தைத் தாமே தேர்ந்தெடுப்பதால், கசட்டையும் ஓரளவு தாமே தேர்ந்தெடுக்கிறார்கள்.

கருமருந்தின் காலம்

வெடியுப்பு, கரி, கந்தகம் ஆகியவற்றை ஏறத்தாழ 75:15:10 என்ற அளவில் கலந்து செய்யப்படும் கருமருந்து எரியும்போது அதன் எடையில் பாதிக்கு மேல் வாயுவாக மாறுவதில்லை. திண்மப் பொருளாகவே எஞ்சுகிறது. ஒரு பகுதி வெண்புகையாக வெளியேற, மீதி குழலில் ஒட்டிக்கொள்ளும். சில முறை சுட்டதும் குழல் குறுகி அடுத்த குண்டை உள்ளே செலுத்துவது கடினமாகிவிடும். இக்கசட்டை இளக்கமாக வைத்திருப்பது, தோட்டாத் தாளில் கொழுப்புத் தடவப்பட்டதற்கான காரணங்களுள் ஒன்று. 1857இல் இந்தியச் சிப்பாய்களிடையே கொந்தளிப்பை ஏற்படுத்திய என்பீல்டு தோட்டாவின் கொழுப்பும் இத்தகையதே.

கருமருந்தின் எச்சம் காற்றின் ஈரத்தை உறிஞ்சும் பொட்டாசியம் உப்புகளால் ஆனது. ஓரிரவு அப்படியே விட்டாலும் இரும்பு துருப்பிடிக்கும். ஆனால் இவ்வுப்புகள் நீரில் கரைபவை. எனவே வெந்நீரும் சோப்பும் செய்யும் வேலையை எண்ணெயால் செய்ய முடியாது.

புகையில்லா மருந்து

1884இல் பிரெஞ்சு வேதியியலாளர் பால் வியேய் நைட்ரோசெல்லுலோசைக் கொண்டு புகையில்லா மருந்தை உருவாக்கினார். 1889இல் பிரித்தானியாவில் கார்டைட் வந்தது. நீலகிரி அருவங்காட்டில் உள்ள தொழிற்சாலை இம்மருந்தின் பெயரையே தாங்கியுள்ளது. புதிய மருந்துகள் பெரும்பாலும் வாயுவாக மாறியதால் கசடு வெகுவாகக் குறைந்தது. ஆனால் குழல்கள் தொடர்ந்து துருப்பிடித்தன. இதற்கு மருந்து காரணமன்று. பற்றவைப்பானில் இருந்த பொட்டாசியம் குளோரேட்டு எரிந்து, சமையல் உப்பைப் போன்ற பொட்டாசியம் குளோரைடாகப் படிந்ததே காரணம். முன்பு கருமருந்தின் பெருங்கசட்டோடு சேர்ந்து கழுவப்பட்ட இவ்வுப்பு, இப்போது பளபளப்பான குழலில் கண்ணுக்குத் தெரியாமல் தங்கியது. .303 ரைபிள் ஏந்திய வீரர்கள் குழலில் கொதிநீர் ஊற்றியது இதனால்தான். கயிற்றில் துணியைக் கட்டிக் குழல் வழியே இழுக்கும் முறை இந்தியத் தேசிய மாணவர் படையில் இன்றும் உண்டு. கயிறு புல்த்ரூ எனவும், துணி சிந்தி எனவும் அழைக்கப்படும்.

எம்16 ரைபிளும் மருந்து மாற்றமும்

மருந்துத் தேர்வு உயிர்ப் பிரச்சினையாக மாறியதற்கு மிகவும் அறியப்பட்ட எடுத்துக்காட்டு வியட்நாம் போரில் அமெரிக்கப் படை பயன்படுத்திய எம்16 ரைபிள். யூஜின் ஸ்டோனர் வடிவமைத்த இத்துப்பாக்கியில், குழலிலிருந்து எடுக்கப்படும் வாயு மெல்லிய குழாய் வழியே நேராகத் துப்பாக்கியின் உட்பொறிக்குள் பாய்ந்து அதை இயக்குகிறது. வாயுவோடு வரும் கசடும் அங்கேயே சேரும்.

தொடக்கத்தில் இதற்கு ஐஎம்ஆர் 4475 என்ற குச்சி வடிவ மருந்து பயன்பட்டது. வேண்டிய வேகத்தை அழுத்த வரம்புக்குள் எட்டுவது அம்மருந்தில் கடினமாக இருந்ததால், 1964இல் டபிள்யூசி 846 என்ற உருண்டை மருந்துக்கும் படைத்துறை ஒப்புதல் அளித்தது. உருண்டை மருந்தில் தங்கியிருக்கும் அமிலத்தை முறிக்கக் கால்சியம் கார்பனேட்டு (சுண்ணாம்புக்கல்லின் பொருள்) சேர்க்கப்பட்டிருந்தது. அது எரிந்து தீராமல் வாயுக் குழாயில் படிந்தது. மேலும், வாயு எடுக்கப்படும் துளையருகே இம்மருந்தின் அழுத்தம் கூடுதலாக இருந்ததால், சுடும் வீதம் நிமிடத்துக்கு 850 என்ற மேல் வரம்பைத் தாண்டியது. உட்பொறி வேகமாக அடித்தது. சுட்ட கூடுகள் அறையிலேயே சிக்கின.

அதே வேளையில் இத்துப்பாக்கிக்குத் துப்புரவே தேவையில்லை என்ற எண்ணமும் பரவியிருந்தது. துப்புரவுக் கருவிகள் போதிய அளவில் அனுப்பப்படவில்லை. வியட்நாமின் ஈரத்தில் குரோமியப் பூச்சு இல்லாத தோட்டா அறைகள் அரித்துப்போயின. பழுதான துப்பாக்கியைச் சரிசெய்ய முயன்ற நிலையிலேயே வீரர்கள் இறந்து கிடந்ததைச் சொல்லும் கடிதங்கள் தாயகத்தை எட்டின. 1967இல் இக்கோர்ட் தலைமையிலான நாடாளுமன்றத் துணைக்குழு விசாரித்து, மருந்து மாற்றத்தைக் கடுமையாகக் குறை கூறியது.

இருப்பினும் மருந்தை மட்டும் குற்றவாளியாக்குவது பொருந்தாது. படைத்துறை உருண்டை மருந்தைக் கைவிடவேயில்லை. அறைக்கும் பின்னர் முழுக் குழலுக்கும் குரோமியம் பூசப்பட்டது, தடுப்பான் (பஃபர்) மாற்றப்பட்டது, கருவிகள் வழங்கப்பட்டன, ஓவியர் வில் ஐஸ்னர் வரைந்த படக்கதை வடிவிலான பராமரிப்புக் கையேடும் வந்தது. மருந்தில் கால்சியம் கார்பனேட்டின் மேல் வரம்பு 1 விழுக்காட்டிலிருந்து 0.25 விழுக்காடாகக் குறைக்கப்பட்டது. அம்மருந்தின் வழிவந்த டபிள்யூசி 844 பின்னர் பல ஆண்டுகள் சிக்கலின்றிப் பயன்பட்டது.

மறுநிரப்பலில் மருந்துத் தேர்வு

புகையில்லா மருந்து அழுத்தம் கூடும்போதே முழுமையாக எரியும். மெதுவாக எரியும் மருந்தைச் சிறிய தோட்டாவிலோ குறுகிய குழலிலோ பயன்படுத்தினால் எரியாத மணிகளும் கரியும் மிஞ்சும். சுட்ட கூட்டின் கழுத்திலிருந்து உடல்வரை புகைக்கரி படிந்திருப்பது அழுத்தம் குறைவாக இருந்ததன் அறிகுறியாகலாம். இதற்குத் தீர்வு தோட்டாவுக்குப் பொருந்தும் எரிவேகமுள்ள வேறு மருந்தைத் தேடுவதேயன்றி, உற்பத்தியாளரின் அட்டவணையை மீறி அளவைக் கூட்டுவதன்று. அது துப்பாக்கியையே பிளக்கக்கூடும்.

உருண்டை மருந்து அளவையில் சீராக விழும். நீண்ட குச்சி மருந்து அளவையில் சிக்கி நறுக்கென்று முறியும். இதற்காகவே சற்றுக் கூடுதல் கசட்டைப் பொறுத்துக்கொள்வோர் பலர். நைட்ரோகிளிசரின் கலந்த மருந்துகள் பொதுவாகக் கூடுதல் வெப்பத்துடன் எரிந்து குழலின் தொடக்கப் பகுதியை அரிக்கும். அரிப்பு கசடன்று, எந்தத் துப்புரவாலும் அதை மீட்க முடியாது.

செம்புக் கசட்டைக் குறைக்கச் சில மருந்துகளில் வெள்ளீயம் அல்லது பிசுமத்துச் சேர்மங்கள் சேர்க்கப்படுகின்றன. இவை செம்பு குழலில் இறுகப் பற்றுவதைத் தடுக்கின்றன. ஹாட்ஜ்டன் நிறுவனத்தின் சிஎப்இ 223 மருந்தின் பெயரிலேயே செம்புக் கசடு நீக்கம் என்ற பொருள் சுருக்கமாக உள்ளது.

துப்புரவு

கரியைக் கரைப்பானும் வெண்கலத் தூரிகையும் நீக்கும். செம்புக்கு அம்மோனியா போன்ற வேதிப்பொருள் கொண்ட கரைப்பான் வேண்டும். கரியும் செம்பும் அடுக்கடுக்காகப் படிவதால் முதலில் மேலுள்ள கரியை எடுக்காவிட்டால் செம்புக் கரைப்பான் உள்ளே எட்டாது. இயன்றவரை துப்புரவுக் கோலைப் பின்புறத்திலிருந்தே செலுத்த வேண்டும். குழல் முனை தேய்ந்தால் குறி தவறும். துணி நீலப்பச்சையாக வந்தால் செம்பு இன்னும் இருக்கிறது என்று பொருள். வெண்கலத் தூரிகையிலும் செம்பு உண்டென்பதால், அதைச் செம்புக் கரைப்பானோடு பயன்படுத்தினால் சுத்தமான குழலிலும் துணி நீலமாகவே வரும்.