ஒரே மாநிலம், ஐந்து வகை ஊர்கள்

சிட்டி என்றால் பெருநகரம். டவுன் என்றால் அதனினும் சிறியது. டவுன்ஷிப் என்றால் அதைவிடச் சிறிய குடியிருப்பு. அமெரிக்க ஊர்களைப் பற்றி நானும் நெடுநாள் இவ்வாறே எண்ணியிருந்தேன். நியூ ஜெர்ஸி மாநிலத்தின் படத்தை விரித்துப் பார்த்த அன்றுதான் அந்த எண்ணம் பிழையென்று தெரிந்தது. அங்கே கார்பின் சிட்டி என்று ஓர் ஊர். 2020ஆம் ஆண்டுக் குடிக்கணக்கின்படி அங்கு வாழ்ந்தோர் 500 பேர்கூட இல்லை. எடிசன் டவுன்ஷிப்பிலோ 1 லட்சத்துக்கு மேற்பட்டோர்! விஞ்ஞானி எடிசன் மென்லோ பார்க்கில் நடத்திய ஆய்வுக்கூடம் இருந்த ஊர் அது. 1954இல் அவர் பெயரை ஏற்றது.

அப்படியானால் இப்பெயர்கள் எதைக் குறிக்கின்றன? மக்கள்தொகையை அல்ல, ஊராட்சி எந்தச் சட்டப்படி அமைந்தது என்பதையே குறிக்கின்றன. சிட்டி, டவுன், டவுன்ஷிப், பரோ, வில்லேஜ் என அம்மாநிலத்தில் ஐந்து வகைகள் உண்டு. ஒன்று மற்றொன்றுக்கு அடங்கியதன்று. மாநிலத்தின் ஒவ்வோர் அடி நிலமும் இவற்றுள் ஏதேனும் ஒன்றைச் சேர்ந்தது. சுமார் 22,600 சதுர கிலோமீட்டர் பரப்பில் 564 ஊராட்சிகள் இருக்கின்றன.

இத்தனை எவ்வாறு தோன்றின? 1798இல் இயற்றிய சட்டம் 104 டவுன்ஷிப்புகளுக்குச் சட்ட உரு அளித்தது. வயல்களும் சிற்றூர்களும் அடங்கிய விரிந்த நிலப்பகுதிகள் அவை. பின்னர் இரயில் வந்தது. நிலையங்களைச் சுற்றிக் குடியிருப்புகள் பெருகின. 1894இல் ஒரு கல்விச் சட்டம் பிறந்தது. டவுன்ஷிப் முழுவதும் ஒரே பள்ளி வட்டாரமாக வேண்டும் என்றது அது. பரோவாகப் பிரிந்த ஊர் மட்டும் தனி வட்டாரமாக நிற்கலாம். 'அடுத்த ஊர்ப் பள்ளியின் கடனை நாம் ஏன் சுமக்க வேண்டும்?' என்று பலர் கேட்டனர். பெர்கன் கவுண்டியில் மட்டும் அந்த ஓராண்டில் இருபதுக்கு மேற்பட்ட பரோக்கள் முளைத்தன. இன்று அங்கே 70 ஊராட்சிகள்.

பல்கலைக்கழகத்தால் புகழ்பெற்ற பிரின்ஸ்டனும் அந்த 1894இல்தான் முற்றும் இரண்டாயிற்று. நடுவே பிரின்ஸ்டன் பரோ. அதைச் சுற்றிலும் பிரின்ஸ்டன் டவுன்ஷிப். பெயர் ஒன்று, ஊர் ஒன்று. ஆட்சி மன்றமோ இரண்டு, காவல் துறையும் இரண்டு. பள்ளிகள் 1960களிலேயே இணைந்துவிட்டன. ஆயினும் ஊர்கள் இணையும் யோசனை வாக்கெடுப்பில் பலமுறை தோற்றது. 2011இல்தான் மக்கள் இசைந்தனர். 2013 ஜனவரி முதல் நாள் இரண்டும் ஒன்றாயின.

எல்லைக்கோடு பள்ளிக்கு மட்டும் உரியதன்று. தன் நிலத்தில் எத்தகைய வீடு எழலாம் என்று விதிக்கும் அதிகாரமும் ஊராட்சிக்கு உண்டு. பரந்த மனைகளில் பெரிய வீடுகளையே அனுமதித்தால் ஏழைக்கு அவ்வூரில் இடம் ஏது? அந்த ஏழையின் பிள்ளைக்கு அவ்வூர்ப் பள்ளியில் இடம் ஏது? மௌண்ட் லாரல் டவுன்ஷிப்பைப் பற்றிய வழக்கில் மாநில உச்ச நீதிமன்றம் 1975இல் தீர்ப்பளித்தது: வளரும் ஊர்கள், குறைந்த வருவாயினரும் வாழத்தக்க வீடுகளுக்குத் தத்தம் பங்கிற்கு இடமளிக்க வேண்டும். அத்தீர்ப்பை நிறைவேற்றும் முறை பற்றிய வாதம் பல்லாண்டுகள் தொடர்ந்தது.

ஆதலின் மாணவர்களே, இனி அமெரிக்கப் படத்தில் டவுன்ஷிப், பரோ என்ற சொற்களைக் காணும்போது மக்கள்தொகையை மட்டும் தேடாதீர்கள். அந்தக் கோட்டுக்குள் யாருடைய வரி யாருடைய பிள்ளைக்குப் பயன்படுகிறது என்பதையும் கேளுங்கள். அவ்வூரின் வரலாறு உங்களுக்கு விளங்கும்.