திரை நட்சத்திரமும் எண்ணூர் முகத்துவாரமும்

மாலை வேளைகளில் எர்ணாவூர்த் தெருக்களில் இல்லம்தோறும் சென்று குடும்பங்களைச் சந்தித்து வருவது நம் வழக்கம். 2017ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதத் தொடக்கத்தில் ஓர் இரவு, கடலோரக் குப்பத்தில் ஒரு வீட்டு வாசலில் நின்றோம். "சாமி, கொஞ்சம் உட்காருங்க, ஒரு ஓட்டுப் போட்டுட்டு வந்துடறேன்" என்றாள் அவ்வீட்டு மகள், கைப்பேசியிலிருந்து தலை நிமிராமலே. அப்போது அவள் பன்னிரண்டாம் வகுப்பு மாணவி. வாக்களிக்கும் வயதே வராத பிள்ளைக்கு எந்தத் தேர்தலில் ஓட்டு என்று வியந்தோம். அடுக்களையிலிருந்து தாயார் விடை கூறினார்: "அந்தப் பொண்ணு ஓவியா பாவம் சாமி. எல்லாரும் சேர்ந்து ஒதுக்குறாங்க."

விஜய் தொலைக்காட்சியில் அவ்வாண்டு ஜூன் 25ஆம் நாள் தொடங்கிய 'பிக் பாஸ்' நிகழ்ச்சியைப் பற்றித்தான் அவர்கள் பேசினார்கள். 1999இல் ஹாலந்து நாட்டில் பிறந்த ஒரு நிகழ்ச்சியின் தமிழ் வடிவம் அது. சிலரை ஒரு வீட்டினுள் 100 நாள்கள் அடைத்து வைத்து, அவர்தம் உறவையும் பகையையும் காமிராக்கள் வழியே ஊருக்குக் காட்டுவர். உள்ளிருப்போருக்குக் கைப்பேசி கிடையாது, செய்தித்தாள் கிடையாது. அவ்வாண்டு வெளியே இருப்போர் கூகுளில் தேடியும், தவறிய அழைப்புக் கொடுத்தும் வாக்களித்து, யார் நிலைப்பது என்று தீர்மானித்தனர்.

நம் இளமையில், இலங்கை வானொலியில் தம் பெயர் வாசிக்கப்படுவதைக் கேட்பதற்காக அஞ்சலட்டை எழுதிப் போட்டுக் காத்திருந்தவர்கள் எத்தனை பேர்! அந்த ஏக்கம்தான் இன்று உருமாறி வந்துள்ளது எனலாம். ஆயினும் ஒரு வேறுபாடு உண்டு. அஞ்சலட்டை எழுதியவர் வானொலியை நடத்தவில்லை. இன்றைய பார்வையாளரோ நிகழ்ச்சியையே சுமந்து செல்கிறார். பகலில் சில நொடிக் காட்சிகளைத் தொலைக்காட்சி ட்விட்டரிலும் யூடியூபிலும் வெளியிடும். அவற்றைக் கண்டு இளைஞர்கள் கொதித்தெழுவர். 'ஓவியா ஆர்மி' என்றொரு படையே சமூக ஊடகங்களில் திரண்டது. அந்நாளில் வார இறுதியில் நிகழ்ச்சியை நடத்திய கமல்ஹாசன் அவர்கள், வெளியுலகின் மனநிலையைக் கருத்தில் கொண்டே உள்ளிருப்போரிடம் வினவுவார். தம் குரல் எட்டிவிட்டது என்று பார்வையாளர் மகிழ்வர். அடுத்த வாரம் இன்னும் உரக்கப் பேசுவர். ஊதியமின்றி விளம்பர வேலை செய்கிறோம் என்ற எண்ணம் எவருக்கும் எழுவதில்லை. விந்தை யாதெனில், வீட்டினுள் கைப்பேசியின்றி அடைபட்டிருப்பவர் பெயரில் உள்ள கணக்கும் வெளியே ஓயாமல் பேசிக்கொண்டிருக்கும். எழுதுபவர் நண்பராகவோ, அப்பணிக்கென அமர்த்தப்பட்டவராகவோ இருப்பார்.

இவற்றோடு நின்றிருந்தால் நாம் எழுத வேண்டிய தேவை எழுந்திராது. ஆனால் அவ்வாண்டே அதே நடிகரும் அதே ட்விட்டரும் நம் வாசலுக்கே வந்தனர்.

செப்டம்பர் 30ஆம் நாள் நிகழ்ச்சி முடிவுற்றது. அக்டோபர் 27ஆம் நாள் கமல்ஹாசன் அவர்கள் எண்ணூர்க் கழிமுகம் பற்றித் தம் ட்விட்டர் பக்கத்தில் எழுதினார்: கொசஸ்தலை ஆற்றில் அனல்மின் நிலையச் சாம்பல் கொட்டப்படுகிறது, நீர்ப்பரப்பு ஆக்கிரமிக்கப்படுகிறது, மழை வந்தால் வடசென்னை மூழ்கும் என்பது அதன் சாரம். மறுநாள் விடியற்காலையில் அவரே நேரில் வந்து மீனவரைச் சந்தித்தார். பின்னாலேயே காமிராக்கள் வந்தன. சாம்பல் படிந்து ஆழம் குறைந்த ஆற்றைப் பற்றி நம் மக்கள் பல ஆண்டுகளாக மனு எழுதி வந்தவர்கள். அவர்கள் சொல்லி வந்ததை ஒரு நடிகரின் சில வரிகள் ஒரே இரவில் நாடெங்கும் கொண்டுசேர்த்துவிட்டன. இதில் நன்றியும் உண்டு, மனவருத்தமும் உண்டு. நம் துயரம் உண்மை என்று ஊர் நம்புவதற்கு ஒரு நட்சத்திரத்தின் சாட்சி தேவைப்பட்டதன்றோ?

அவர் 2018 பிப்ரவரி 21இல் மதுரையில் கட்சி தொடங்கினார். 2025 ஜூலையில் மாநிலங்களவை உறுப்பினரானார். 'பிக் பாஸ்' நிகழ்ச்சியை 2024 முதல் விஜய் சேதுபதி நடத்தி வருகிறார். ட்விட்டரும் 2023இல் 'எக்ஸ்' எனப் பெயர் மாறிற்று. மாறாதது நம் கழிமுகத்தின் கதை ஒன்றே. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு மணலிப் பகுதியிலிருந்து வந்த எண்ணெய், பக்கிங்காம் கால்வாய் வழியாகக் கழிமுகத்தில் பரவியது. படகுகளும் வலைகளும் கருத்தன. எர்ணாவூர் வீடுகளிலும் எண்ணெய் கலந்த நீர் புகுந்தது. கமல்ஹாசன் அவர்கள் மீண்டும் வந்து பார்வையிட்டார். காமிராக்களும் மீண்டும் வந்தன. அதே மாதம் 26ஆம் நாள் நள்ளிரவில் பெரியகுப்பத்தை ஒட்டிய உர ஆலைக் குழாயிலிருந்து அம்மோனியா கசிந்து, மக்கள் குழந்தைகளைத் தூக்கிக்கொண்டு சாலைக்கு ஓடி வந்தனர். அந்நேரத்தில் எந்த நட்சத்திரம் விழித்திருந்தது? விழித்திருந்தவை நம் பிள்ளைகளின் கைப்பேசிகளே.

அந்த வெள்ளத்திற்குப் பின் அதே வீட்டிற்குச் சென்றோம். ஓவியாவுக்கு ஓட்டுப் போட்ட பெண் இப்போது ஒரு குழந்தைக்குத் தாய். சுவரில் இடுப்புயரத்தில் கறுத்திருந்த எண்ணெய்க் கோட்டைப் படமெடுத்து வெளியிட்டிருந்தாள். படத்தின் அடியில் ஆறேழு நடிகர்களின் பெயர்கள் இருந்தன. அவர்களுக்கும் இதற்கும் என்ன தொடர்பு என்று வினவினோம்.

"அவங்க பேரைச் சேர்த்தாத்தான் சாமி நாலு பேர் பார்ப்பாங்க" என்றாள். அப்படியும் பார்த்தவர் நாற்பது பேர்தாம். நடிகர் எவரும் விடையளிக்கவில்லை. ஆயினும் அவள் அப்படத்தை அழிக்கவில்லை. நாளையும் நேரத்தையும் ஒரு நோட்டில் குறித்து வைத்தாள். தெருவில் மற்ற வீடுகளின் சுவர்களையும் சென்று படமெடுத்தாள். நடிகர் பெயர்களுக்குப் பதிலாகக் கதவு எண்களை எழுதினாள். சில நாள் கழித்துச் சேதம் கணக்கெடுக்க ஓர் அலுவலர் வந்தபோது, அதற்குள் பல வீடுகளில் சுவரைக் கழுவிவிட்டிருந்தார்கள். அவள் கைப்பேசியை நீட்டினாள். அவர் வாசற்படியிலேயே அமர்ந்து, ஒவ்வொரு படமாகப் பார்த்துக் கதவு எண்களைத் தம் தாளில் எழுதிக்கொண்டார்.