போர்க்களத்தில் சிரிப்பு – 5: திருட்டுப்போன இன்ஜினும் துரத்திய ஒருவனும்

அமெரிக்க உள்நாட்டுப் போரில் நடந்த ஒரு ரயில் திருட்டுதான் 'தி ஜெனரல்' படத்தின் கதை. பஸ்டர் கீட்டனும் கிளைட் பிரக்மனும் சேர்ந்து இயக்கிய இந்த மௌனப்படம் 1926 டிசம்பர் 31 அன்று டோக்கியோவில் முதன்முதலாகத் திரையிடப்பட்டது. நியூயார்க்குக்கு 1927 பிப்ரவரியில் வந்தது. போரைப் பற்றிய சிரிப்புப் படங்களில் இவ்வளவு துல்லியமாக எடுக்கப்பட்டது வேறொன்று இல்லை. இவ்வளவு பெரிய உண்மையை வெளியே விட்டுவிட்டதும் வேறொன்று இல்லை. இரண்டும் ஒரே படத்தில் எப்படிச் சேர்ந்தன என்பதுதான் பார்க்க வேண்டியது.

சென்ற வாரம் சாப்ளினின் 'ஷோல்டர் ஆர்ம்ஸ்' பதுங்குகுழியில் நின்றது. அதைத் திரும்பச் சொல்ல வேண்டியதில்லை. கீட்டன் தன் சுதந்திரத்தை இழந்த கதை இந்த வாரம் வருவதாக இருந்தது. அதற்கு முன்னால் 1862 ஏப்ரல் 12-ஐக் கடக்க வேண்டும், அந்த நாளோ லேசில் ஆளை விடுவதில்லை.

அன்று காலை அட்லாண்டாவிலிருந்து வடக்கே கிளம்பிய பயணிகள் ரயில், ஜார்ஜியா மாநிலத்தின் பிக் ஷாண்டி என்ற சிற்றூரில் காலைச் சாப்பாட்டுக்காக நின்றது. இன்ஜினின் பெயர் ஜெனரல். 1855-இல் நியூ ஜெர்சியின் பேட்டர்சனில் செய்யப்பட்டது. டிரைவரும் கார்டும் பயணிகளும் சாப்பிடப் போனார்கள். சாதாரண உடையில் பயணிகளோடு பயணியாக வந்த ஜேம்ஸ் ஆண்ட்ரூஸ் என்பவர் தன் 19 ஆட்களுடன் பயணிகள் பெட்டிகளைக் கழற்றிவிட்டு, இன்ஜினையும் மூன்று சரக்குப் பெட்டிகளையும் ஓட்டிக்கொண்டு போய்விட்டார். தண்டவாளத்துக்கு எதிரிலேயே தென்னகப் படையின் முகாம் இருந்தது. அந்த நிலையத்தில் தந்தி வசதி இல்லை. அந்த இடத்தை ஆண்ட்ரூஸ் தேர்ந்தெடுத்ததே அதனால்தான். போகும் வழியில் பாலங்களை எரித்து, தந்திக் கம்பிகளை அறுத்து, சாட்டனூகா நகரைத் தெற்கிலிருந்து துண்டித்துவிட வேண்டும் என்பது வடக்குப் படையின் திட்டம்.

ரயிலின் கார்டு வில்லியம் ஃபுல்லர் சாப்பாட்டைப் போட்டுவிட்டு ஓடினார். உண்மையாகவே காலால் ஓடினார், தண்டவாளத்தின் மேலேயே. கூட ஓடியவர்கள் இருவர்: டிரைவர் ஜெஃப் கெய்ன், ரயில்வே பணிமனை மேலாளர் ஆண்டனி மர்ஃபி. சுமார் இரண்டு மைல் தாண்டி, பாதை பழுதுபார்ப்பவர்களின் தள்ளுவண்டி ஒன்று கிடைத்தது. அதைக் கழிகளால் உந்தித் தள்ளி எட்டோவா ஆறு வரை போனார்கள். அங்கே ஓர் இரும்பாலைக்குச் சொந்தமான யோனா என்ற பழைய இன்ஜின் நீராவியோடு நின்றிருந்தது. கிங்ஸ்டனில் ஆண்ட்ரூஸ் ஒரு மணி நேரத்துக்கு மேல் மாட்டிக்கொண்டார். தெற்கே வரும் சரக்கு ரயில்கள் வரிசையாக வந்துகொண்டே இருந்தன. தளபதி பொரிகார்டுக்கு அவசரமாக வெடிமருந்து கொண்டுபோவதாகப் பொய் சொல்லிச் சமாளித்தார். அவர் கிளம்பிய சற்று நேரத்தில் ஃபுல்லர் அங்கே வந்து சேர்ந்து, இன்னோர் இன்ஜினுக்கு மாறினார். அதற்கும் அப்பால் தண்டவாளம் பெயர்க்கப்பட்டிருந்தது. மறுபடியும் ஓட்டம். அப்போது எதிரே வந்தது டெக்சஸ்.

டெக்சஸ் தெற்கு நோக்கி ஒரு சரக்கு ரயிலை இழுத்து வந்த இன்ஜின். அதைத் திருப்ப அங்கே வசதியும் இல்லை, நேரமும் இல்லை. பெட்டிகளை அடேர்ஸ்வில் பக்கப்பாதையில் தள்ளிவிட்டு, டிரைவர் பீட்டர் பிராக்கன் அதைப் பின்புறமாகவே ஓட்டினார். விறகும் தண்ணீரும் சுமக்கும் டெண்டர் முன்னால், புகைபோக்கி பின்னால். ஒரு போரின் மிகப் புகழ்பெற்ற ரயில் துரத்தல் முழுவேகத்தில் ரிவர்ஸில் நடந்தது. திருடியவர்கள் சரக்குப் பெட்டியின் பின்சுவரை உடைத்து, ஸ்லீப்பர் கட்டைகளை ஒவ்வொன்றாகத் தண்டவாளத்தில் போட்டுக்கொண்டே போனார்கள். துரத்தியவர்கள் நிறுத்தி அகற்றி, மறுபடி துரத்தினார்கள். டால்டனில் ஃபுல்லர் ஒரு தந்தி இளைஞனை இறக்கிவிட்டார். கம்பி அறுபடுவதற்குள் செய்தி போய்விட்டது. பாலங்களை எரிக்கவும் முடியவில்லை, அன்று மழை. 87 மைல் ஓடியபின், ரிங்கோல்டுக்கு வடக்கே விறகும் தண்ணீரும் தீர்ந்து ஜெனரல் நின்றது. ஆண்ட்ரூஸும் ஏழு பேரும் தூக்கிலிடப்பட்டார்கள். எட்டுப் பேர் சிறையிலிருந்து தப்பினார்கள், மற்றவர்கள் கைதிப் பரிமாற்றத்தில் விடுதலையானார்கள். அமெரிக்காவின் உயரிய வீரப் பதக்கமான மெடல் ஆஃப் ஹானரை முதன்முதலில் பெற்றவர் இந்தக் குழுவைச் சேர்ந்த ஜேக்கப் பாரட், 1863 மார்ச்சில். ஆண்ட்ரூஸ் படைவீரர் அல்ல, குடிமகன். அவருக்குப் பதக்கம் இல்லை. தூக்கிலிடப்பட்டவர்களில் இருவருக்கு 2024-இல்தான் அது வழங்கப்பட்டது.

தப்பிப் பிழைத்தவர்களில் ஒருவரான வில்லியம் பிட்டெஞ்சர் இதைப் புத்தகமாக எழுதினார். அந்தப் புத்தகம்தான் கீட்டனின் கைக்கு வந்தது. அது திருடியவர்கள் பக்கத்தின் கதை. கீட்டன் செய்த முதல் வேலை அதைத் தலைகீழாக்கியது. திருடியவர்கள் வில்லன்கள் ஆனார்கள், துரத்தியவன் நாயகன் ஆனான். ஃபுல்லரோடு ஓடிய இருவரையும் நீக்கினார். கார்டை டிரைவராக மாற்றி ஜானி கிரே என்று பெயர் வைத்தார். அவனுக்கு இரண்டு காதல்கள், இன்ஜினும் அன்னபெல் லீ என்ற பெண்ணும். அன்னபெல்லாக மேரியன் மேக் நடித்தார். போர் தொடங்கியதும் ஜானி படையில் சேரப் போகிறான். டிரைவராக இருப்பதே தெற்குக்கு அதிகப் பயன் என்று அதிகாரிகள் முடிவு செய்து மறுக்கிறார்கள். காரணத்தை மட்டும் அவனிடம் சொல்வதில்லை. காதலி அவனைக் கோழை என்று முடிவு கட்டுகிறாள். போர் நிர்வாகம் தனி மனிதனை நடத்தும் விதத்தைப் பற்றிப் படத்தில் வரும் மிகக் கூர்மையான விமரிசனம் இந்தச் சிறு காட்சிதான்.

நகைச்சுவைக் கணக்கில் இந்தத் தலைகீழ் மாற்றம் முழுக்கச் சரி. இருபது பேர் சேர்ந்து ஒரு ரயிலைத் திருடினால் அது சாகசம். இருபது பேர் திருடிய ரயிலை ஒருவன் தனியாகத் துரத்தினால் சிரிப்பு. கீட்டனின் கலை எப்போதும் ஒரு சிறு உடலும் ஒரு பெரிய பொருளும் மோதுவதில் இருக்கிறது. ஜானி தண்டவாளத்தில் ஓடும்போது, படையே தன் பின்னால் வருவதாக நினைத்துக்கொண்டு ஓடுகிறான். திரும்பிப் பார்த்தால் யாரும் இல்லை. பிறகு வீரர்கள் நிறைந்த பெட்டியோடு டெக்சஸைக் கிளப்புகிறான். பெட்டி இணைக்கப்படவே இல்லை. தனிமை திரும்பத் திரும்ப அவன் மேல் வந்து விழுகிறது. அந்த முகம் அசைவதில்லை.

ஆனால் டெக்சஸ் படத்தில் முன்புறமாகவே ஓடுகிறது. தொப்பி, சீருடை, தண்டவாளம், விறகு அடுப்பு என்று எல்லாவற்றிலும் உள்நாட்டுப் போர்க் காலப் புகைப்படங்களைப் போல இருக்க வேண்டும் என்று விடாப்பிடியாக நின்றவர், அந்தத் துரத்தலின் மிக அபூர்வமான விவரத்தை விட்டிருக்கிறார். காரணத்தைப் படமே காட்டிக்கொடுக்கிறது. தண்டவாளத்தில் எதிரிகள் போட்ட ஸ்லீப்பர் கட்டை ஒன்றை எடுக்க ஜானி இறங்கி ஓடுகிறான். கட்டையைத் தூக்குகிறான், பின்னால் வந்த இன்ஜின் முன்பக்கத்துச் சாய்ந்த இரும்புச் சட்டத்தால் அவனை ஏந்திக்கொள்கிறது. மடியில் கட்டையோடு அங்கே அமர்ந்து போகிறான். எதிரே இன்னொரு கட்டை, தண்டவாளத்தின் குறுக்கே. கையிலுள்ள கட்டையை அதன் ஒரு முனையில் எறிகிறான், இரண்டும் தெறித்து விலகுகின்றன. ஒட்டு இல்லை, தந்திரக் காட்சி இல்லை. எறிதல் அரை அடி தவறியிருந்தால் இன்ஜின் தடம் புரண்டிருக்கும், முன்னால் இருந்தவர் கீட்டனே. டெக்சஸ் ரிவர்ஸில் ஓடியிருந்தால் அந்தச் சாய்சட்டம் பின்னால் போயிருக்கும், இந்தக் காட்சியே இருந்திருக்காது. ஒரு நல்ல காட்சிக்காக ஒரு நல்ல உண்மையை விடலாம் என்றால், அது நியாயமான விலை.

இன்னொரு காட்சியும் அதே அளவு ஆபத்தானது. காதலியால் ஒதுக்கப்பட்ட ஜானி, இன்ஜின் சக்கரங்களை இணைக்கும் இரும்புத்தண்டின் மேல் சோர்ந்து உட்கார்கிறான். இன்ஜின் நகர, தண்டு அவனை மேலும் கீழும் வட்டமாகச் சுற்றிக்கொண்டுபோய் கொட்டகைக்குள் நுழைகிறது. அவன் கவனிப்பதே இல்லை. நீராவியைச் சற்று அதிகமாகத் திறந்திருந்தால் சக்கரம் வழுக்கிச் சுழன்று கீட்டனைத் தூக்கி எறிந்திருக்கும்.

உண்மையான ஜெனரல் இன்ஜினையே கீட்டன் கேட்டார். முதலில் கிடைக்கும் போலிருந்தது. படம் நகைச்சுவை என்று தெரிந்ததும் எதிர்ப்புக் கிளம்பி, அனுமதி மறுக்கப்பட்டது. படப்பிடிப்பு அமெரிக்காவின் மறு ஓரத்தில், ஓரிகன் மாநிலத்தின் காட்டேஜ் குரோவ் என்ற ஊருக்குப் போனது. அங்கே மரக்கம்பெனிகளுக்காக ஓடிய பழைய ரயில் பாதையும், காலத்துக்குப் பொருந்தும் காடும் இருந்தன. ஓரிகன் தேசியக் காவல்படையின் சுமார் 500 பேர் படைவீரர்களாக நடித்தார்கள். அவர்களே நீலச் சீருடையில் வடக்குப் படை, அவர்களே சாம்பல் சீருடையில் தெற்குப் படை. விறகு இன்ஜினின் தீப்பொறிகள் காட்டில் தீயை மூட்டியபோது, கீட்டனும் குழுவினரும் சீருடைக் கோட்டுகளாலேயே அடித்து அணைக்கப் போராடினார்கள். புகை மூட்டத்தால் படப்பிடிப்பு நின்றுபோனது.

1926 ஜூலை 23 அன்று ரோ ஆற்றின் மேல் கட்டப்பட்ட மரப்பாலத்தில் உண்மையான இன்ஜின் ஒன்று ஏறியது. பாலம் எரிந்து முறிந்தது. இன்ஜின் ஆற்றில் விழுந்தது. பார்க்க ஆயிரக்கணக்கானோர் கூடியிருந்தார்கள். இதற்கு 42,000 டாலர் செலவானதாகச் சொல்வது வழக்கம். மௌனப்பட யுகத்தின் மிக விலையுயர்ந்த ஒற்றைக் காட்சி என்ற பெயர் அதற்கு நிலைத்துவிட்டது. அடுத்த ஷாட்டில் பாலத்தைக் கடக்க ஆணையிட்ட தளபதியின் முகம். பேரழிவு முழுவதையும் கட்டமைத்தது அந்த ஒரு முகபாவத்துக்காகத்தான். விழுந்த இன்ஜின் பல ஆண்டுகள் ஆற்றிலேயே கிடந்து, இரண்டாம் உலகப்போர்க் காலத்தில் பழைய இரும்பாக எடுக்கப்பட்டது.

விமரிசனம் கடினமாக வேண்டிய இடம் இதற்குப் பிறகுதான். தெற்கைச் சேர்ந்தவனை நாயகனாக்கியதற்குக் கீட்டன் பின்னாளில் சொன்ன காரணம், தோற்றுப்போன தெற்கை வில்லனாகக் காட்டினால் ரசிகர்கள் ஏற்கமாட்டார்கள் என்பது. 1926-ன் அமெரிக்காவைப் பற்றிய சரியான கணிப்பு அது. அந்தக் கணிப்பே குற்றச்சாட்டாகவும் ஆகிறது. தெற்கு போரிட்டது அடிமை முறையைக் காக்க. 1860 கணக்கெடுப்பில் ஜார்ஜியாவின் மக்கள்தொகை சுமார் 10.5 லட்சம், அதில் 4.6 லட்சத்துக்கும் மேற்பட்டோர் அடிமைகள். படத்தின் ஜார்ஜியாவில் அவர்களின் வாழ்க்கை இல்லை, அடிமை முறை என்ற பேச்சே இல்லை. கொடி, காதல், கடமை மட்டும் இருக்கின்றன. சீருடைப் பொத்தானுக்குக் காட்டிய நேர்மையில் கால் பங்கை இங்கே காட்டியிருந்தாலும் படம் வேறாகியிருக்கும். 11 ஆண்டுகளுக்கு முன் வந்த கிரிஃபித்தின் 'பர்த் ஆஃப் எ நேஷன்' போல இது வெறுப்பைப் பரப்பவில்லை. அந்த வித்தியாசம் பெரியது. ஆயினும் பாதி மாநிலத்தை மறைத்து வைத்த மௌனம் மௌனம்தான், படத்தின் அழகு அதை ஈடுகட்டாது.

1927-ன் விமரிசகர்களுக்கு இது உறுத்தவே இல்லை. அவர்களை உறுத்தியது வேறு. போரில் மனிதர்கள் சாவதைக் காட்டிச் சிரிக்கவைக்க முடியாது என்பதை யாரேனும் கீட்டனிடம் சொல்லியிருக்க வேண்டும் என்ற பொருளில் ராபர்ட் ஷெர்வுட் எழுதினார். அவர் குறிவைத்த காட்சிகள் கடைசிப் போரில் வருகின்றன. ஜானி பீரங்கிப் படையினருக்கு ஆணையிடுகிறான். மறைந்திருந்து சுடுபவனின் குண்டுக்கு அவர்கள் ஒவ்வொருவராகச் சாய்கிறார்கள். ஜானி வாளை வீசும்போது பிடியிலிருந்து கழன்ற அலகு பறந்துபோய் அந்த எதிரியின் முதுகில் பாய்கிறது. சாப்ளினின் 'ஷோல்டர் ஆர்ம்ஸ்' படத்தில் சாவு பலகையில் போடும் சாக்பீஸ் கோடு மட்டுமே. சுடப்பட்டவர்களை யாரும் பார்ப்பதில்லை. கீட்டன் விழும் உடலைக் காட்டுகிறார். ஷெர்வுட்டின் மன உளைச்சல் புரிந்துகொள்ளக் கூடியதுதான். ஆனால் சாவே தெரியாத போர்ச் சிரிப்பைவிட, சிரித்த கணமே திடுக்கிடவைக்கும் இந்தக் காட்சி உண்மைக்குப் பக்கத்தில் நிற்கிறது. 1918-இல் பிரான்ஸுக்குக் காலாட்படை வீரராகப் போய், அங்கேயே செவித்திறன் பாதிக்கப்பட்ட ஒருவர் எடுத்த காட்சி இது.

படம் தோற்றது. எதிர்பார்த்த வசூல் வரவில்லை. மதிப்பு உயரப் பல ஆண்டுகள் ஆயின. 'சைட் அண்ட் சவுண்ட்' இதழ் 1972-இல் நடத்திய வாக்கெடுப்பில் உலகின் முதல் பத்துப் படங்களில் ஒன்றாக இடம்பெற்றது. 1989-இல் அமெரிக்க தேசியத் திரைப்படப் பதிவேட்டின் முதல் பட்டியலிலேயே சேர்ந்தது. 1956-இல் டிஸ்னி நிறுவனம் அதே கதையை வடக்குப் படையின் பக்கம் நின்று எடுத்தது. அதில் துரத்தல் சரியாகவே இருந்தது, சிரிப்பு இல்லை. நிஜ ஜெனரல் இன்று கென்னசா அருங்காட்சியகத்தில் இருக்கிறது. பிக் ஷாண்டியின் இன்றைய பெயர்தான் கென்னசா. டெக்சஸ் அட்லாண்டாவில் இருக்கிறது.

தோல்விக்குப் பிறகும் கீட்டன் 'காலேஜ்', 'ஸ்டீம்போட் பில் ஜூனியர்' என்ற இரண்டு படங்களைச் சொந்தக் குழுவோடு எடுத்தார். 1928-இல் எம்.ஜி.எம். நிறுவனத்தின் ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டுத் தன் சுதந்திரத்தை இழந்தார். தயாரிப்பாளர் ஜோசப் ஷெங்க் அதற்கு ஏன் தூண்டினார், சாப்ளினின் எச்சரிக்கையை மீறிக் கீட்டன் ஏன் இணங்கினார் என்பவை அடுத்த வாரம்.